சென்சார் கழன்ற சனிக்கிழமை

போன வியாழக்கிழமை என் கார் ஜங்ஷன் மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள்... முன்னால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு.

என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஜப்பான் கார் அது. ஆட்களை வைத்து ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன்; அங்கே அண்ணாச்சி பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"புகை போற குழாய்ல இருக்க சென்சார் போச்சு டீச்சர். துரு ஏறிக் கெடக்கு. அறுத்துதான் எடுக்கணும். குழாயும் மாத்தணும். பத்து நாள் ஆவும்."

பத்து நாளா? என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் தங்கைக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரான உவரியில் கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த உடம்பு பஸ் தாங்குமா?

"நாமளே கழத்திப் பாப்போம்க்கா" என்றாள் ஸ்டெல்லா. இயற்பியல் ஆசிரியை. அவள் அப்பா போட் இன்ஜின் பழுது பார்ப்பவர் — கடல் உப்பில் துருப்பிடித்த நட்டுகளைப் பார்த்தே வளர்ந்தவள்.

சென்னையில் இருக்கும் என் தம்பி புது சென்சார் தேடிப் பிடித்து பஸ்ஸில் அனுப்பினான். சனிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து காரைத் திணறத் திணற வீட்டுக்கு ஓட்டிவந்தேன். இறங்கியதும் ஸ்பேனரை எடுத்தேன். ஸ்டெல்லா அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"இப்பதான ஓடி வந்திருக்கு? தொட்டா கை வெந்துரும். துருவுக்கு விடுத எண்ணெயும் சூட்டுல பத்திக்கிரும். நல்லா ஆறட்டும்."

மதியம் வரை காத்திருந்தோம். பிறகு பேட்டரி வயரைக் கழற்றினாள். சென்சார் வயரின் பிளக்கை உருவினாள். எண்ணெய் விட்டு இன்னும் அரை மணி நேரம். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி.

ஸ்பேனரை அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன்... வழுக்கியது. சென்சார் திருகி நிற்கும் மரை போனால் குழாயே போச்சு. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சியையே கூப்பிட்டிருவோமா?"

"பொறுங்கக்கா. முதல்ல இறுக்குற பக்கம் ஒரு துளி தள்ளுங்க. பொறவு பைய இந்தப் பக்கம்."

தள்ளினேன். திருப்பினேன்.

'டக்.'

பி.எட். ரிசல்ட் வந்த அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. மரை துளியும் சேதமாகாமல், கரி பிடித்த சென்சார் என் கையில். புதியதை முதலில் விரலாலேயே திருகி, பிறகு இறுக்கினோம். வயர்களை மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். மஞ்சள் விளக்கு இல்லை.

நமக்குப் பலம் போதாது என்றுதான் பல வேலைகளை விட்டுவிடுகிறோம். உண்மையில் போதாதது எது? அரை நாள் சும்மா உட்கார்ந்திருக்கும் பொறுமை.

மறுநாள் உவரி வரை கார் ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. தூங்கிய குழந்தை கண்ணே திறக்கவில்லை — இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எந்த ஒர்க்‌ஷாப் தரும்?