சல்யூட் அடித்த கை

கைதியைத் தப்பவிட்ட காவலருக்குத் துறையில் இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. அவர் பெண்ணாயிருந்தால், அவருக்குப் பின் வரவேண்டிய பெண்களுக்கு முதல் வாய்ப்பும் கிடையாது. காக்கி உடுத்திய சகோதரிகளே, இந்த நியாயம் உங்களுக்கும் பழக்கமானதே.

ஒரே பெண்

அருமனைப் பக்கத்து நிலையம் ஒன்றில் முதல் பெண் காவலராக நான் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தங்கம் என்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, தன்னை அடித்த கணவனைத் தொழில் செய்யும் கத்தியாலேயே தோளில் வெட்டிவிட்டாள். அவளை நாகர்கோவில் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஜீப் பழுதாகிக் கிடந்ததால் பேருந்துதான் வழி. பெண்ணுக்கு விலங்கு பூட்டும் வழக்கமில்லை. பெண் காவலர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஏட்டையா என்று அனைவரும் அழைத்த தலைமைக் காவலர் துணைக்கு வந்தார். காகிதங்களைத் தம் பையில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டை என்னிடம் ஒப்படைத்தார்.

“பிள்ளே, இவ போனா ஒனக்க வேலை போவும். பொறவு இந்த ஸ்டேஷனுக்கு ஒரு பொம்பிளையும் வரமாட்டா, கேட்டியா?”

ஜன்னலோரம்

தங்கத்தை ஜன்னலோரம் அமர்த்தியது என் முதல் பிழை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் தலையை வெளியே நீட்டித் தேடினாள். குதிப்பதற்கு இடம் பார்க்கிறாள் என்று நான் பிடியை இறுக்கினேன். அவள் தோலில் என் நகம் பதிந்தது. அவள் முகம் சுளிக்கவுமில்லை.

மீன் விற்று முடித்து வெறுங்கூடையோடு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு கடற்கரைப் பெண்மணி எங்கள் இருவர் கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மக்கா, ரெண்டு பேருக்க கையும் கெடந்து விறைக்கே! இதுல ஆருட்டி கைதி?”

மூன்று விநாடி

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினோம். நீதிமன்றத்துக்குப் போகும் பேருந்தை விசாரிக்க ஏட்டையா நகர்ந்தார். அப்போது உயரதிகாரி ஒருவரின் ஜீப் எங்களைக் கடந்தது. பயிற்சிக் கல்லூரியில் மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்திப் பழக்கிய என் வலக்கை, என்னைக் கேளாமலே நெற்றிக்கு உயர்ந்தது. அது இறங்கியபோது அதில் மணிக்கட்டு இல்லை.

காய்கறி மூட்டைகள், ஓடிவந்து ஏறுவோர், “திருவட்டார், குலசேகரம்” என்ற நடத்துநர் குரல். தங்கத்தின் பச்சைச் சேலையை மட்டும் எங்கும் காணவில்லை. அந்நேரம் என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து எதுவோ இழுத்தது. திரும்பினேன். சேலைத் தலைப்பால் தலையை மூடி, என் முதுகோடு ஒட்டிக் குனிந்திருந்தாள் தங்கம். வழியெல்லாம் அவள் அஞ்சித் தேடியது, பழிவாங்க வரக்கூடிய கணவனின் தம்பியை. இப்போது அவன் வாழைக்குலைகளின் நடுவே நின்றுகொண்டிருந்தான்.

“அக்கா, நான் ஓட மாட்டேன். நீங்க ஓடிராதீங்க.”

பெயர், தகப்பனார் பெயர்

அவன் நேரே எங்களிடம் வந்தான். கையில் வெட்டுகத்தி. கூட்டம் விலகி வழிவிட்டது. விசிலை வாயில் வைத்தேன். உதடு வறண்டிருந்ததால் காற்றுதான் வந்தது. ஓடினால் தங்கம் சாவாள். நின்றால் இருவரும் சாகலாம். நிலையத்தில் நான்கு மாதமாக நான் செய்துவந்த வேலை ஒன்றே நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டை விரித்தேன்.

“பெயர்?” என்றேன்.

அவன் திகைத்து, “செல்லத்துரை,” என்றான்.

“தகப்பனார் பெயர்?”

அதையும் சொன்னான். ஊரையும் சொன்னான். நான் எழுதியதில் ஓர் எழுத்தும் வாசிக்கும்படி இல்லை. அது அவனுக்குத் தெரியாது. வயதைக் கேட்பதற்குள் ஏட்டையா பின்னாலிருந்து பாய்ந்து அவன் கையை முறுக்கினார். கத்தி கீழே விழுந்தது. அவனுடைய வருத்தம் என் குறிப்பேட்டின் மீதே இருந்தது.

“பேரும் ஊரும் எழுதியாச்சு. இனி நான் என்னத்த வெட்ட?”

விளக்க அறிக்கை

தங்கத்தை நீதிமன்றத்தில் உயிரோடு ஒப்படைத்தேன். திரும்பும் வழியில் நடந்ததைச் சொன்னேன். ஏட்டையா, அவள் மணிக்கட்டை நான் விட்டதை அறிக்கையில் எழுத வேண்டாமென்று மன்றாடினார். எழுதினேன். பொய்யைக்கொண்டு காப்பாற்றிக்கொள்ளும் வேலை எனக்குத் தேவைப்படவில்லை. அறிக்கையை நிலைய ஆய்வாளரின் மேசையில் வைத்தேன். அவர் இருமுறை வாசித்தார். பிறகு தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

“அடுத்த மாசம் இன்னொரு பிள்ளை இஞ்ச வாறா. கைதிய எடது கையில பிடிக்கணும்னு அவளுக்குச் சொல்லிக்குடு.”

காவல் துறையில் பெண்கள் நிலைபெற்ற வரலாற்றை அறிஞர்கள் விரிவாக எழுதட்டும். எங்கள் நிலையத்தைப் பொறுத்தவரை, அது வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியதுதான்.