தங்கை சொன்ன 'அன்கன்ஃபர்ம்டு'

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அக்கா. அந்த மெஷின்தான் தங்கையைப் பட்டப்படிப்பு வரை கொண்டுபோனது. வானொலி நிலையத்தின் செய்திப் பிரிவில் தங்கைக்கு வேலை கிடைத்த அன்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளவெடுக்கும் முன்பே அக்கா அதைச் சொல்லிவிட்டாள்.

எந்தச் செய்தி வந்தாலும் தாளின் தலையில் தங்கை பென்சிலால் 'அன்கன்ஃபர்ம்டு' என்று, அதாவது இன்னும் உறுதியாகவில்லை என்று, எழுதுவாள். பக்கத்திலேயே யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதும் இருக்கும். நேரில் பார்த்த ஆள் ஒருவராவது கிடைக்கும்வரை ரப்பரைத் தொடமாட்டாள்.

"சூரியன் உதிச்சுதுன்னு சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துட்டுதான் அனுப்பும் இந்தப் பொண்ணு" என்பார் செய்தி ஆசிரியர்.

வீட்டிலும் அதே கதைதான். அக்காவின் கணவர் பஸ் டிரைவர்; பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள் பாப்பா. "நாளைக்குச் சீக்கிரம் வந்துடறேன்" என்று அவர் வாயைத் திறந்தால் போதும்.

"அன்கன்ஃபர்ம்டு. சொன்னது மாமா. மணி ஏழரை."

"உன் தங்கச்சி வாயை ரெண்டு தையல் போட்டு விடேன்!" என்பார் மனைவியிடம்.

ஒரு மழைநாளில் ஆற்றுப்பாலம் இடிந்து பஸ் ஒன்று விழுந்துவிட்டதாகக் கடை வாசலில் பேசிக்கொண்டார்கள். அக்கா தங்கைக்குப் போன் போட்டாள்.

"அன்கன்ஃபர்ம்டுக்கா. லாரிக்காரர் ஒருத்தர் சொன்னது, பத்து ஐம்பதுக்கு. எந்த பஸ்னு தெரியல. பயப்படாதே."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா இரண்டு சீருடைகளுக்குப் பட்டன் காஜா எடுத்து முடித்தாள்.

இரண்டு மணிக்குத் தங்கையே கடைக்கு வந்து நின்றாள். வேலை நேரத்தில் இடத்தைவிட்டு எழுந்தே பழக்கமில்லாதவள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மாமா பஸ்ஸாடி?"

"அன்கன்ஃபர்ம்டுக்கா."

"யார் சொன்னது?"

தங்கை மேசையிலிருந்த அளவு டேப்பைக் கையில் எடுத்தாள்.

"எத்தனை மணிக்குடி?"

தங்கை டேப்பைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் இவளே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து இவள் சொன்ன முதல் பொய் இது. அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வருவா. பசியோட வருவா" என்றாள். "அவ சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அப்படியே இருக்கட்டும்டி. அன்கன்ஃபர்ம்டாவே இருக்கட்டும்."

மூன்று மணிச் செய்தியில் இறந்த டிரைவரின் பெயர் வரும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளே தங்கைதான். அவளே போய்க் கடையிலிருந்த ரேடியோவை அணைத்தாள்.