பொன்னுரங்கத்தின் வாய் மூடப்பட்ட வரலாறு

ரிஷிவந்தியம் பக்கத்துக் குத்தகை விவசாயி பொன்னுரங்கத்துக்கு ஆண்டவன் நிலம் கொடுக்கவில்லை. பதிலாக ஒரு வாயைக் கொடுத்திருந்தான். எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்ததும் அந்த வாய்க்கு வேலை கிடைத்தது. மைக்கைப் பிடித்து அவர் "எங்கள் பங்கு!" என்றால் கூட்டம் "வேணும்! வேணும்!" என்னும். அந்தச் சத்தத்தில் உளுந்தூர்பேட்டை லாரிகளின் கண்ணாடி அதிர்ந்ததாக ஒரு தகவல் உண்டு. தகவல் தந்தவர் பொன்னுரங்கம்.

வாய்க்கு ஒரு குறையும் உண்டு. சோறு மெல்லும்போது காதோரம் 'டக், டக்' என்று கேட்கும்.

"தாடைக்குத் தாப்பாப் போட்டுக்கினு துன்றியா?" என்பாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

போராளிகள் தாடையைக் கவனித்ததாக வரலாறு இல்லை. அவரும் கவனிக்கவில்லை.

மறியல் வாரம் வந்தது. சாலைகளில் மரங்கள் சாய்ந்தன. பொன்னுரங்கம் இரண்டு சட்டங்களை இயற்றினார். மறியலைத் தாண்டுகிற எவனும் கோஷம் போட்டுக் காட்ட வேண்டும். போடாதவன் போலீஸ் ஆள். அடுத்தது, பெண்கள் போடும் கோஷம் செல்லாது. ஏன் என்று கேட்டதற்கு, "தொண்ட பத்தாது" என்று விளக்கமளித்தார்.

ஒரு காலைக் கூட்டத்தில் மைக் செட்டின் பேட்டரி இறங்கிவிட்டது. பொன்னுரங்கம் மைக்கை ஒதுக்கிவிட்டு, இருக்கிற வாய் முழுவதையும் திறந்து, "நம்ம பங்கைக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்கப் போனார். 'டா'வில் 'டக்' என்றது. வாய் அப்படியே நின்றது.

"ஆஆஆ..."

கட்டுப்பாடான கூட்டம். புதுக் கோஷம் போலிருக்கிறது என்று "ஆஆஆ!" என்று திருப்பிச் சொன்னது. எச்சில் வழிந்து சட்டை நனைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"கள்ளக்குறிச்சியில தாடைய அறுத்துதான் சரி பண்ணுவாங்களாம்," என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

"அறுத்துட்டா அப்பறம் கொரலு இன்னா ஆவும்?" என்று இன்னொருவர் அதைவிட ஆறுதலாகக் கேட்டார்.

பொன்னுரங்கத்தின் கண்கள் வாயோடு போட்டி போட்டுத் திறந்தன. குரல் போனால் அவரிடம் மிஞ்சுவது வெறும் குத்தகை நிலம்.

கொளஞ்சியம்மாள் மாட்டு வண்டியைப் பூட்டி, அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். தியாகதுருகம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அவரே தேர்ந்தெடுத்துச் சாய்க்கச் சொன்ன மரம். அங்கே காவலுக்கு நின்ற வேடியப்பனும் அவன் ஆட்களும் வேறு ஊர்க்காரர்கள். பொன்னுரங்கத்தின் குரலை மைக்கில் கேட்டிருக்கிறார்கள், முகத்தைப் பார்த்ததில்லை.

"கோஷம் போட்டுட்டுப் போங்க."

"யோவ், இவருதான்யா பொன்னுரங்கம்! வாய் மாட்டிக்கினு கெடக்குது."

"அவரா இருந்தா 'பங்கு'ன்னு ஒரே ஒரு தபா சொல்லட்டும்."

உதடு சேராமல் 'ப' வராது. பொன்னுரங்கம் உயிரைக் கொடுத்துச் சொன்னார்: "அங்கு!"

"எங்க?"

"அங்கு! அங்கு!"

வேடியப்பன் அவர் முகம் போன திசையில் எட்டிப் பார்த்தான். "அங்க இன்னா? போலீசு வருதா?"

வேடியப்பனின் காவல்படையில் பாதி சாலையோரக் கரும்புக்குள் பாய்ந்தது.

"வழி வுடுய்யா, நான் போடறேன் கோஷம்."

"பொம்பள போட்டா செல்லாதும்மா. பொன்னுரங்கம் அண்ணன் உத்தரவு."

கொளஞ்சியம்மாள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியின் மேல் ஏறி நின்றாள். "எங்கள் பங்கு!"

மாடுகள் மிரண்டன. வேடியப்பனின் கை தானாக மேலே போயிற்று. "வேணும்! வேணும்!" கரும்புக்குள்ளிருந்தும் பதில் வந்தது. பதில் சொல்லி முடித்த பிறகு கோஷம் செல்லாது என்று எந்த வாயால் சொல்வது? கிளையை இழுத்து வழி விட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர் அருள்மொழி அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். பொன்னுரங்கத்தின் கண்கள் கத்தியைத் தேடின. டாக்டரோ தன் இரண்டு கட்டைவிரல்களிலும் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"கத்தி கெடையாதுங்க. தாடை மூட்டு முன்னால நழுவி, ஒரு மேட்டத் தாண்டி நின்னுடுச்சு. கீழ அழுத்திப் பின்னால தள்ளினா தன்னால எடத்துக்குப் போயிடும்."

"வெரலுக்கு எதுக்கும்மா துணி?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"சட்டுனு மூடிக்கும். கடிச்சிடுவாரு."

விரல்கள் கடைவாய்ப் பற்கள் மேல் உட்கார்ந்தன. "ஒடம்பத் தளர விடுங்க." ஓர் அழுத்து, ஒரு தள்ளு. 'டக்.'

அரசாங்கம் எவ்வளவோ முயன்றும் மூட முடியாத வாயை இரண்டு கட்டைவிரல்கள் மூடிவிட்டன. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பங்கு," என்றார் பொன்னுரங்கம். கண்ணில் தண்ணீர். "பங்கு! பங்கு! டாக்டரம்மா, 'ப' வருது!"

"மெதுவா! ஒரு வெரல் அகலத்துக்கு மேல தொறக்கக் கூடாது. கஞ்சிதான் ஆகாரம். கொட்டாவி வந்தாக்கூட தாடையக் கையால தாங்கிக்குங்க. மறுபடி நழுவுச்சுன்னா அதுவே பழக்கமாயிடும். கோஷத்தத் தொடவே கூடாது."

"எத்தினி நாளைக்கி?" கொளஞ்சியம்மாளின் குரலில் இருந்தது கவலைதான் என்று நம்புவோம்.

"ஒரு மாசம்."

அடுத்த ஊர்வலத்துக்கு முன் இரண்டாவது சட்டம், ஒரு விரல் அகல வாயால், முறைப்படி ரத்து செய்யப்பட்டது. முன்வரிசையில் கொளஞ்சியம்மாள் மைக் இல்லாமலே "எங்கள் பங்கு!" என்றாள். சாலையோர டீக்கடையில் கிளாஸ்கள் அதிர்ந்தன. இதற்குச் சாட்சிகள் உண்டு.

பின்வரிசையில் பொன்னுரங்கம் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, "வேணும், வேணும்" என்றார்.

பக்கத்தில் வந்துகொண்டிருந்த வேடியப்பன் குனிந்து காதைக் கொடுத்தான். "இன்னாண்ணே, தொண்ட பத்தலியே?"