மேற்படி என்று ஒரு பெயர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். கூப்பிடுவது மேலு, சான்றிதழில் மேற்படி. அது ஒரு பெயர்தானா என்று அவளுக்கு அன்றுவரை சந்தேகமே வந்ததில்லை.

அன்று காலை, வேலை நிரந்தரமானவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். நாலு பேர் என்று பேச்சு. பட்டியலில் மூன்று பேர்தான், அவள் இல்லை. கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

“எனக்கு வந்த லிஸ்டுல டிரைவர் பேருக்குக் கீழ மேற்படின்னு இருந்துச்சு. மேல உள்ளதேன்னுதானே அர்த்தம்? டிரைவர் பேரையே இன்னொரு தரம் அடிச்சேன்,” என்றார் கிளார்க். “ஒரே ஆளு ரெண்டு தடவை வர்றான்னு மேனேஜர் ஒண்ணை எடுத்துட்டார்.”

“அது நான் சார்!”

“நீ டிரைவரா?”

“மேற்படி சார்!”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

நாலு மணிக்குள் மேனேஜருக்குப் புரியவைக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“நீ பொறந்தப்ப பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஒரு பேரு வச்சாங்கடி. கேக்கவே அம்சமா இருந்துச்சு. எம் பொண்ணுக்கும் அதையே எழுதுங்கன்னேன். எழுதுனவன் சரியான சோம்பேறி போல.”

“என்ன பேருப்பா அது?”

“இரு, நாக்கு நுனியில நிக்குது.”

நின்றதே தவிர இறங்கவில்லை.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப உன் நிஜப் பேரு என்ன?” என்றார்.

“இதுதான் சார். இல்ல, அதுவா இருக்கணும். அது எதுன்னு தெரியல.”

“வேற எந்தப் பொண்ணுக்காவது இந்தப் பேரு உண்டா?”

“எல்லா ரிஜிஸ்தர்லயும் இருக்கு சார். ஆனா கூப்பிட்டா நான் மட்டும்தான் திரும்புவேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “கடைசியில சேர்த்தா திரும்பவும் இதே கூத்துதான் நடக்கும்.”

“அப்ப முதல்ல போடுங்க சார். மேல ஆளே இருக்காதுல்ல?”

மூன்றரைக்குப் புதுப் பட்டியல் வந்தது. முதல் வரி: மேற்படி, சலவைப் பிரிவு. படித்தவர்கள் எல்லாம் எதற்கு மேற்படி என்று தலைப்பை அண்ணாந்து பார்த்தார்கள். டிரைவர் வாழ்த்துச் சொன்னார். சிரித்துவிட்டு, வேலை தனக்குத்தானா என்று விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள் மேலு.