ஏரியைக் குடித்த மலை

எங்கள் குடும்பத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போன முதல் ஆள் என் அத்தை. அப்பாவின் தங்கை. இருவரும் அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்து, வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது அத்தையும் எங்களோடு வந்துவிட்டாள். தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போவாள். அவள் கையில் இருக்கும் தடித்த புத்தகங்களைப் பார்த்துத் தெருவே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

மூன்று வருடப் படிப்பு முடிந்தும் ஒரு பேப்பர் மட்டும் அத்தையை விடவில்லை. அதன் பெயர் ரொமான்டிக் பொயட்ரி. அரியர் விழுந்ததைவிட அம்மாவுக்கு அந்தப் பெயர்தான் பெரிய சங்கடம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "ஏதோ ஒரு இங்கிலீஷ் பேப்பர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். கல்யாணமாகாத பெண் ரொமான்டிக்கில் ஃபெயில் என்று எப்படி வெளியில் சொல்வது? அது மலையையும் ஆற்றையும் பற்றிய பாட்டுதான் என்று அத்தை எத்தனை தடவை விளக்கியும் அம்மாவின் சந்தேகம் தீரவில்லை. மலையைப் பற்றி எழுத மலை என்றே பெயர் வைத்திருக்கலாமே என்றாள்.

அத்தை கைடை மனப்பாடம் செய்வாள். மாடியில் துணி காயப்போடும்போதும் வாசல் கூட்டும்போதும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். கவிதையை நேச்சரும் மெமரியும் இமாஜினேஷனும் எப்படி உருவாக்குகின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த மூன்று பெயர்களும் மனப்பாடம். அவர்கள் மூன்று பெண்கள் என்றும், அத்தையோடு படித்துப் பாஸாகிப் போய்விட்டவர்கள் என்றும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சை ஹாலில் ஒரு வரி மறந்துபோனால் அத்தைக்கு அடுத்த வரி வராது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்துவிடுவாள்.

இதற்கிடையில் செங்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். படித்தவரை போதும், தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அத்தைக்கோ பி.எட். முடித்து டீச்சர் ஆகவேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இதுதாம்மா கடைசி. பாஸாகலன்னா புக்கையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுடணும். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அந்த வயதில் எனக்கும் வீட்டில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. நான் புளுகுவேன். எங்கள் ஸ்கூட்டர் சாவி இல்லாமல் தானாகவே பஸ் ஸ்டாண்ட் வரை போய்வந்தது என்று மூன்றாம் வகுப்பு முழுவதையும் நம்ப வைத்திருந்தேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் வாயைத் திறந்தாலே அம்மா தலையில் கை வைத்துக்கொள்வாள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு பெரியப்பா வீட்டில் காதுகுத்து. எல்லோரும் அடி அண்ணாமலைக்குப் போயிருந்தோம். இலையில் உட்கார்ந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தையை விடவில்லை. அரியர் முடிந்ததா, இன்னும் எத்தனை பாக்கி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்று சாம்பாரோடு சேர்த்துக் கேள்விகளையும் ஊற்றினார்கள். பாயசம் வருவதற்குள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாயசம் போன துக்கத்தில் நான் ஏரிக்கரை வரை அவளோடு பேசவில்லை.

ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தப் பக்கம் மலை, வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இது எப்படி ஏரி, தண்ணீர் எங்கே என்று கேட்டேன். தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரை வரைக்கும் தளும்பும் என்றாள் அத்தை. காலையில் வந்தால் முழு மலையும் தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரியுமாம். மலையின் உச்சி அவள் காலடி வரைக்கும் வருமாம்.

எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது.

"அப்போ மலைதான் குடிச்சிடுச்சு அத்தை. தலையக் குனிஞ்சு தண்ணிக்குள்ள விட்டுது இல்ல, அப்பவே எல்லாத்தையும் குடிச்சிடுச்சு. அதான் அது அவ்ளோ பெருசா இருக்கு."

புளுகாதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். பிறகு கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றாள்.

அதுவரை என்னிடம் யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். வயிறு முட்டக் குடித்ததால்தான் மலையால் எழுந்து நடக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் தண்ணீரைத் திருப்பிக் கேட்கத்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வெட்கம் வந்தால் அது கொஞ்சம் துப்பும், அதுதான் மழை. அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பார்வை மட்டும் காய்ந்த சேற்றின் மேலேயே இருந்தது, அங்கே ஏதோ அசைகிற மாதிரி.

மறுநாள் கைடை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அம்மா பதறிப்போனாள். அத்தை பாட்டுகள் இருந்த மூலப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். வாய் அசையாது. ஒரு பக்கம் படிப்பாள், வெகுநேரம் மலையைப் பார்ப்பாள், தானாகச் சிரிப்பாள். பிள்ளைக்குப் படித்துப் படித்துப் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

பரீட்சையன்று அத்தை அழாமல் வீடு திரும்பினாள். அதே கேள்விதான் வந்ததாம். பழக்கதோஷத்தில் கைடு பதிலைத் தொடங்கி, பாதியில் மறந்து நின்றாளாம். பிறகு எழுதியதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, ஏரியிலிருந்து தொடங்கினாளாம். கண்ணெதிரே இருப்பது காய்ந்த ஏரி, மனசுக்குள் இருப்பது நிறைந்த ஏரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை சொன்ன கதை. அந்தப் பாட்டுகளும் இப்படித்தான் உண்டாயின என்று ஒவ்வொரு பாட்டாக எடுத்துக்காட்டி, மணி அடிக்கும்வரை எழுதினாளாம்.

போச்சு என்றாள் அம்மா. அப்பா பரணில் இடம் இருக்கிறதா என்று மட்டும் ஏறிப் பார்த்தார்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் எல்லோரும் அப்பாவின் போனைச் சுற்றி நின்றோம். பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பாஸ். அதுவும் வெறும் பாஸ் இல்லை; அத்தை அதுவரை எழுதிய எந்தப் பேப்பரிலும் வாங்காத மார்க். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். அம்மா தெருவில் இறங்கி, எங்கள் பிள்ளை ரொமான்டிக்கில் பாஸ் என்று ஒவ்வொரு வாசலாக நின்று உரக்கச் சொன்னாள். காலேஜ் பரீட்சையில் என் கதை பாஸாகிவிட்டது என்று நான் மறுநாள் வகுப்பில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் உண்மை அது, ஒருவரும் நம்பவில்லை.

ரிசல்ட் வந்த அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"அப்படி என்னதாம்மா எழுதின?"

அத்தை தமிழில் சொல்லத் தொடங்கினாள். மலை குனிந்தது, குடித்தது எல்லாம் வந்தது. என் பெயர் வருகிறதா என்று நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னொன்னும் எழுதினேன். ஏரி ரொம்பினப்போ ஒரு பையன் என்னை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்துவான். பயமா இருந்தா மலையத் தொடுன்னு சொல்லுவான். நான் கைய நீட்டித் தண்ணியில தெரியற மலையத் தொடுவேன். கலைஞ்சு போயிடும். இரு, திரும்ப வரும்னு சொல்லுவான். வரும்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று செங்கத்துக்குப் போன் போட்டார். தங்கச்சி பி.எட். படிக்கப் போகிறாள், காத்திருக்க முடிந்தால் மேற்கொண்டு பேசலாம், முடியாவிட்டாலும் வருத்தமில்லை என்று அவர் சொன்னது கூடத்துக்குக் கேட்டது. அத்தை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எனக்கோ யோசனை வேறாக இருந்தது. அந்தப் பையனை நான் சொல்லவே இல்லை. என் கதையில் அவன் எங்கேயும் கிடையாது. ஆக, அத்தையும் புளுகக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதுவும் என்னிடமிருந்து என்று நினைத்து, எனக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது.