படகில் பெண் பார்த்த நாள்

பெண்ணை அலங்கரித்து அந்நியர் முன் உட்கார்த்தும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. பார்ப்பதானால் கோயில் வீதியில், தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள்போலப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பிடித்தால் பிறகு பேசலாம். பிடிக்காவிட்டால் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. பெண்ணின் பெயர் கெடாது. இந்த ஏற்பாட்டின் நாகரிகத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில், லண்டன் லூயிஷாமில் எங்களோடு இருந்த அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சின்னம்மாவுக்கு, நோர்வேயில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தார். சின்னம்மாவுக்கு முப்பது வயதாகியிருந்தது. இதுவும் தவறினால் இனி ஒன்றும் அமையாது என்று அம்மா சுவாமிப் படத்திடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இருந்த பேர்கன் நகரில் அப்போது கோயில் இல்லை. ஆகவே, மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் படகில் தற்செயலாகச் சந்திப்பதென்று தீர்மானமாயிற்று. கோயில் வீதியில் விலகிப் போகலாம், படகிலிருந்து இறங்க முடியாது என்பதை, இரண்டு பட்டதாரிகள் இருந்த எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பத்து வயதான எனக்கு, அருவி பார்க்கப் போகிறோம் என்று மட்டுமே சொல்லப்பட்டது.

படகில் எங்களைத் தவிர இரண்டே தமிழர்: ஓர் இளைஞரும் அவருடைய தமக்கையும். லண்டன் பஸ்ஸில் தமிழ் முகம் கண்டால் எந்த ஊர் என்று கேட்காமல் இறங்காத அப்பா, அன்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சின்னம்மாவின் சேலையை இழுத்துச் சரிசெய்தார். அருவிகள் வந்தன, போயின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அப்பா, அங்கை தமிழாக்கள் இருக்கினம்."

"கண்டனான். பேசாமல் இரு."

"ஏன் போய்க் கதைக்கேல்லை?"

"அருவியைப் பார். அதுக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்."

பெரிய அருவியொன்றின் அடிவரை படகு நெருங்கியது. சின்னம்மா சட்டென எழுந்தார். "வா, கிட்டப் போய்ப் பாப்பம்" என்று என்னை முன்தளத்துக்கு இழுத்துச் சென்றார். அந்த இளைஞர் அங்கே தனியாக நின்றார். அவருடைய காதருகே குனிந்து சின்னம்மா ஏதோ பேசினார். இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அவர் திகைத்தார். பின் சிரித்தார். பின் நன்றாகத் தலையாட்டினார்.

திரும்பியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் என்னவாம்?"

"தலையாட்டினவர்."

"சிரிச்சவரோ?"

"ஓம்."

அம்மா ஒரு கணம் கண்களை மூடினார். "எழும்புங்கோவன், இன்னும் என்ன இருக்கிறியள்?" என்று அப்பாவை இடித்தார்.

அப்பா கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, இரு கைகளையும் கூப்பியபடி படகின் மறுபக்கத்துக்கு நடந்தார். தமக்கை அதற்குள் தம்பி சொன்னதைக் கேட்டு முடித்திருந்தார். முகம் கறுத்திருந்தது. ஆயினும் கோயில் வீதி உடன்படிக்கையை அவர் மீறவில்லை.

"வணக்கம். தமிழாக்களோ? எங்கை இருந்து வாறியள்?"

அப்பாவின் கைகள் கூப்பியபடியே நின்றன.

"லண்டன்," என்றார். "அருவி பாக்க வந்தனாங்கள்."

"நல்ல வடிவு, என்ன?"

"ஓம். நல்ல வடிவு."

கரை சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சின்னம்மா அருவியடியில் சொன்னதை, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவர் வாயாலேயே கேட்டேன்: "எனக்கு நேர்சிங் முடிய ரண்டு வருசம் கிடக்கு. இந்தக் கலியாணம் வேண்டாம். நான் சொன்னால் வீட்டிலை விடமாட்டினம். பிடிக்கேல்லை எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அன்று எனக்கு விளங்கியதெல்லாம், அம்மாவின் அழுகையிலிருந்து, சின்னம்மாவை யாரோ வேண்டாமென்று விட்டார்கள் என்பதே. துறையில் இறங்கியதும் சின்னம்மா எனக்கும் தனக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். தன்னுடையதை நின்ற நிலையிலேயே தின்று முடித்தார். துக்கம் தாளாமல் தின்கிறார் என்று எண்ணி, இன்னும் வாய் வைக்காத என்னுடையதையும் அவரிடம் நீட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார்.