பாஸ் முடியும் நாள்

போரில் கனகராயன்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவுக்குப் பக்கத்து நெளுக்குளத்தில் கொட்டில் போட்டிருந்தோம். வவுனியாவில் தங்க ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு, பாஸ்; முடிந்த பாஸோடு அகப்பட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; எழுத்துத் தெரியாது. பாஸ் முடியும் திகதியைப் பார்த்துச் சொல்வதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினப் பேச்சுக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். இந்த நாட்டில் எல்லோரும் சமம் என்று இரண்டு வாரமாய் மனனம் செய்தேன்.

சுதந்திர தினத்துக்கு முதல்நாள், பெப்ரவரி மூன்றாம் திகதி காலை, அடுப்படியில் அம்மா இருக்க அப்பா கேட்டார். "நாளையோட என் பாஸ் முடியுதே. இன்னைக்கே போயிருவமா புள்ள?"

கடைசி ஒத்திகை அன்றைக்குத்தான். "நாளைக்கும் நாள் கிடக்குத்தானே அப்பா. பேச்சு முடிய நானே வந்து நிரப்பித் தாறன்."

மறுநாள் அப்பா தோய்த்த சட்டையோடு பள்ளிக்கூட வேலியோரம் நின்று நான் பேசியதைக் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இருவரும் பாஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கு நடந்தோம். வாசலில் கொடி பறந்தது. கதவு பூட்டியிருந்தது.

அப்பா சிரித்துவிட்டார். "நாடு முழுக்க லீவுன்னு மேடையில நீதானே சொன்ன!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் திகதி விடிந்ததும் புறப்பட்டோம். அலுவலகத்துக்கு முன்னாலிருந்த சோதனைச் சாவடியில், பாஸ் நேற்றோடு முடிந்துவிட்டதென்று அப்பாவை மறித்தார்கள். நேற்றுப் பூட்டியிருந்தது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் கேட்டார், "அப்ப முந்தாநாள் ஏன் வரேல்ல?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார். "கூலி வேலைங்க சேர். நேரம் கிடைக்கல. புள்ள அன்னைக்கே கூப்பிட்டிச்சு."

நான் மறுக்கவில்லை. அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

பத்தொன்பதாம் நாள் தடுப்புக்காவலிலிருந்து திரும்பி வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவுமில்லை, என்னை ஒரு வார்த்தை ஏசவுமில்லை.

புதுப் பாஸ் கிடைத்த அன்று அம்மா அதை வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். நான் வாசலில்தான் இருந்தேன், மடியில் புத்தகத்தோடு. அம்மா என்னைத் தாண்டித்தான் போனார்.

"அண்ணே, இது எந்தத் தேதி வரைக்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரர் என்னை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்.